ஓநாய்க்கு என்ன கூச்சம்?

ரெண்டு வாரமா ஆபிஸ்ல ஆணி கம்மி. இந்த நேரத்துல உருப்படியா ஏதாவது புதுசா படிச்சிருக்கலாம். நான் பண்ணது, மிருகக்காட்சிசாலை கட்டினது. கம்ப்யூட்டர்லதாங்க, பதறாதீங்க :-)

விளையாட்டு பேரு 'பிளானட் ஜூ'. 2019-ல வந்தது. நிலம் வாங்கி, வேலி போட்டு, மிருகங்களைக் கொண்டுவந்து விட்டு, டிக்கெட் போட்டு காசு பார்க்கணும். நானும் ஆசை ஆசையா ஒரு ஓநாய்க் கூட்டத்தை வாங்கினேன். நாலு பக்கமும் பளபளன்னு கண்ணாடி, சுத்திப் பாதை, எந்தப் பக்கம் நின்னாலும் ஓநாய் தெரியும். கூட்டம் அள்ளுச்சு. அரை மணி நேரத்துல திரையில சிவப்பா ஒரு எச்சரிக்கை: ஓநாய்க்கு மன அழுத்தம். இன்னும் கொஞ்ச நேரத்துல அட்டை பிடிச்சுக்கிட்டு ஒரு கூட்டம் வாசல்ல போராட்டம் பண்ணுது. சாப்பாடு இருக்கு, தண்ணி இருக்கு, இடம் இருக்கு. அப்புறம் என்னய்யா கேடு உனக்குன்னு தோண்டிப் பார்த்தா, காரணம் இதுதான்: பார்வையாளர்கள். ஓநாய் கூச்ச சுபாவமாம்! நாலு பக்கமும் ஆள் நின்னா அதுக்கு ஆகாதாம்.

பின்னாடி உட்கார்ந்து கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருந்த அம்மா, "ஏன்டா, நாலு பக்கமும் ஆள் நின்னு உன்னையே பார்த்துக்கிட்டிருந்தா உனக்குச் சோறு இறங்குமா?"ன்னாங்க. நான் அரை மணி நேரம் தேடிக் கண்டுபிடிச்சதை அரை செகண்டுல சொல்லிட்டாங்க.

மருந்தும் விளையாட்டுலயே இருக்கு. ஒருபக்கக் கண்ணாடி போடலாம்: நமக்கு அது தெரியும், அதுக்கு நாம தெரிய மாட்டோம். ஒளிஞ்சுக்க குகை கட்டலாம். மரம், புதர் வெச்சு மறைக்கலாம். விளையாட்டுச் சாமான் போடலாம். 'தொந்தரவு செய்யாதீர்'னு போர்டு வைக்கலாம். ஒவ்வொண்ணையும் மவுஸால இழுத்துப் போட்டா சிவப்புக் கோடு இறங்குது. எனக்கு மொத்தமா பத்து நிமிஷம் ஆச்சு. இதே விஷயத்தைக் கண்டுபிடிக்க நிஜ மனுஷங்களுக்கு எவ்வளவு நாள் ஆச்சுன்னு தேட ஆரம்பிச்சேன். கிட்டத்தட்ட நூறு வருஷம். அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

முதல்ல அந்த வார்த்தை. நான் படிச்சது மெக்கானிக்கல் (அப்புறம் எல்லாரும் போற வழியில நானும் மென்பொருளுக்கு வந்தாச்சு). எங்களுக்கு ஸ்ட்ரெஸ்ஸுன்னா விசையைப் பரப்பால வகுக்கறது. இரும்புக் கம்பிக்கு வர்றது. அதை உயிருள்ள உடம்புக்குக் கொண்டுவந்ததுல பெரிய பங்கு ஹான்ஸ் செல்யேங்கறவருக்கு. கனடாவுல மான்ட்ரியல்ல எலிகளை வெச்சு ஆராய்ச்சி பண்ணார். குளிர், காயம், அளவுக்கு மீறின ஓட்டம், விஷம்னு எதைக் கொடுத்தாலும் எலி உடம்புல ஒரே மாதிரி விளைவு: அட்ரினல் சுரப்பி வீங்குது, தைமஸ் சுருங்குது, வயித்துல புண். 1936-ல 'நேச்சர்' இதழ்ல ஒரு சின்னக் கடிதமா எழுதினார். பின்னாடிதான் அதுக்கு 'ஸ்ட்ரெஸ்'ங்கற பேரு நிலைச்சுது. அதாவது, வெளியில காயமே இல்லாம உள்ளே ஒரு உயிர் நொறுங்கலாம்னு அறிவியல் ஒத்துக்கிட்டு இன்னும் நூறு வருஷம்கூட முழுசா ஆகல.

அதுக்கு முன்னாடி மிருகக்காட்சிசாலைன்னா கம்பிக்கூண்டுதான். அந்தக் கம்பியை எடுத்து வீசினவர் ஜெர்மனியில ஹாம்பர்க் பக்கத்துல இருந்த கார்ல் ஹாகன்பெக். மிருக வியாபாரி. 1907-ல ஸ்டெல்லிங்கன்ல ஒரு பூங்கா திறந்தார். சிங்கத்துக்கும் ஜனத்துக்கும் நடுவுல கம்பி கிடையாது, அகழி மட்டும்தான். ஒவ்வொரு மிருகமும் எவ்வளவு தூரம் தாண்டும்னு சோதிச்சுப் பார்த்து அதுக்கேத்த மாதிரி வெட்டின அகழி. முன்னாடி நிக்கறவங்க கண்ணுக்கு அகழியே தெரியாது. பறவை, மான், அதுக்குப் பின்னாடி சிங்கம்னு எல்லாம் ஒரே காட்டுல இருக்கற மாதிரி ஒரு காட்சி. ஜனங்க மயங்கிட்டாங்க. உலகம் பூரா காப்பி அடிச்சாங்க. இன்னிக்கு நாம வண்டலூர்ல அகழிக்கு அந்தப்பக்கம் புலி பார்க்கறதுக்கும் மூலம் அங்கதான்.

ஆனா இந்த மனுஷனோட இன்னொரு வியாபாரத்தைச் சொல்லாம விட்டா தப்பு. 1874-லேர்ந்து அவர் மனுஷங்களையும் காட்சிக்கு வெச்சார். வடக்கு ஐரோப்பாவோட சாமி இன மக்கள்ல ஆரம்பிச்சு, 1880கள்ல இலங்கையிலேர்ந்தும் ஆட்களைக் கூட்டிட்டுப் போய் ஊர் ஊரா டிக்கெட் போட்டுக் காட்டினார். இதைப் படிச்சதும் எனக்கு அந்த அகழி வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சுது. கம்பியை எடுத்ததுல மிருகத்துக்குக் கொஞ்சம் லாபம் இருந்தது, மறுக்கல. ஆனா அந்தக் காட்சி முழுக்க வரைஞ்சது பார்க்கறவன் கண்ணுக்காக. உள்ள இருக்கறது என்ன பார்க்குதுன்னு யாரும் கேட்கல.

அடுத்த காலகட்டம் கான்கிரீட். கிருமி பயம். ஹோஸ் பைப்பால அடிச்சுக் கழுவற மாதிரி டைல்ஸ், சிமென்ட். குளியலறை மாதிரி கூண்டு. இதோட உச்சம் லண்டன்ல 1934-ல கட்டின பென்குயின் குளம். பெர்த்தோல்ட் லுபெட்கின் வடிவமைச்சது. ரெண்டு சரிவுப் பாதை ஒண்ணையொண்ணு சுத்தி வளைஞ்சு அந்தரத்துல நிக்கும். தூணே இல்லை. மெக்கானிக்கல்காரனா போட்டோவைப் பார்த்தா எனக்கே கை தட்டத் தோணுது. கட்டடக்கலைப் புத்தகங்கள்ல தவறாம வரும், அங்க சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கட்டடமும்கூட. 2004-ல பென்குயின்களை அங்கேர்ந்து வேற இடத்துக்கு மாத்தினாங்க. கான்கிரீட் தரையில நடந்து கால்ல புண் வந்ததை ஒரு காரணமா சொன்னாங்க. கட்டடம் இன்னும் அழகா நிக்குது. பென்குயின் மட்டும் இல்லை.

இப்ப நம்ம கதாநாயகன். ஹெய்னி ஹெடிகர். சுவிட்சர்லாந்துக்காரர். பெர்ன், பாசல், சூரிக்னு மூணு ஊர் மிருகக்காட்சிசாலைக்கு அடுத்தடுத்து இயக்குநரா இருந்தவர். 1942-ல, உலகமே போர்ல எரிஞ்சுக்கிட்டிருந்தப்ப, சிறையில இருக்கும் காட்டு மிருகங்களைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். அவர் சொன்னதுல எனக்குப் பிடிச்சது 'தப்பியோடும் தூரம்'.

இது நமக்குப் புதுசு இல்லை. மொட்டை மாடியில வடாம் காயப் போட்டு அம்மா காவல் இருப்பாங்க. காக்கா கைப்பிடிச் சுவர்ல உட்கார்ந்திருக்கும். நீங்க ஒரு அடி வெச்சா பறக்காது. ரெண்டாவது அடிக்கும் பறக்காது. ஒரு குறிப்பிட்ட தூரம் வந்ததும்தான் பறக்கும். அந்த தூரம் ஒவ்வொரு இனத்துக்கும், பழக்கத்துக்கும் தகுந்த மாதிரி மாறும். ஹெடிகர் கேட்டது இதுதான்: ஒரு மிருகம் மனுஷன் பத்து மீட்டர்ல வந்தா ஓடும்னு வைங்க. அதை அஞ்சு மீட்டர் கூண்டுல போட்டா? எந்த மூலைக்குப் போனாலும் அந்தத் தூரத்துக்கு வெளியே அதால போகவே முடியாது. அது காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும், மனசுக்குள்ள, ஓடிக்கிட்டே இருக்கு. நின்ன இடத்துல.

இந்த இடத்தைப் படிச்சப்ப மானிட்டர்ல என் ஓநாய்களைத் திரும்பிப் பார்த்தேன். நாலு பக்கமும் கண்ணாடி.

ஹெடிகர் இன்னொண்ணும் சொன்னார். காட்டு மிருகம் ஒண்ணும் சுதந்திரமா திரியறதில்லை. அதுக்கும் எல்லை உண்டு. தூங்க ஒரு இடம், தண்ணிக்கு ஒரு இடம், ஒளிய ஒரு இடம். அதனால எத்தனை சதுர மீட்டர்ங்கறதைவிட அந்த இடத்துக்குள்ள என்ன இருக்குங்கறது முக்கியம். விளையாட்டுல இருக்கற குகை, புதர் எல்லாத்துக்கும் வேர் இங்கதான்.

மத்த ரெண்டும் 1970கள்ல அமெரிக்காவுல வந்தது. போர்ட்லாந்துல ஹால் மார்க்கோவிட்ஸ்ங்கற ஆராய்ச்சியாளர் கிப்பன் குரங்குகளுக்கு நெம்புகோல் வெச்சார். இங்க ஒண்ணை இழுத்துட்டு அந்தக் கோடிக்குத் தாவினா சாப்பாடு. சும்மா கிடைக்கறதைவிட வேலை செஞ்சு வாங்கறதுல அதுகளுக்கு ஒரு பிடிப்பு வந்தது. விளையாட்டுச் சாமான் சமாச்சாரம் இதோட வாரிசு. சியாட்டில்ல வேற மாதிரி யோசிச்சாங்க. 1978-ல கொரில்லாக்களுக்குப் புல்லும் மரமும் புதரும் உள்ள நிஜ நிலத்தையே கொடுத்தாங்க. மரத்துலேர்ந்து விழுந்துடும், செடியெல்லாம் பிடுங்கிப் போட்டுடும்னு சந்தேகப்பட்டவங்க உண்டு. அந்தத் தோட்டம் நிலைச்சுது, மத்த ஊர்களுக்கும் பரவுச்சு.

இப்பக் கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன்.

எனக்கு ஆறேழு வயசு. ஒரு ஊர்ல (பேரு வேண்டாம்) ஒரு சின்ன மிருகக்காட்சிசாலை. கரடிக் கூண்டு முன்னாடி நல்ல கூட்டம். கரடி நாலு எட்டு வெச்சு, தலையை ஒரு ஆட்டு ஆட்டித் திரும்பி, நாலு எட்டு வெச்சு, மறுபடி அதே ஆட்டு. யாரோ "டேய், கரடி டான்ஸ் ஆடுதுடா"ன்னாங்க. எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். கையில இருந்த வேர்க்கடலையைக் கூட வீசினேன். அது திரும்பிக்கூடப் பார்க்கல. நாலு எட்டு, ஒரு ஆட்டு. வீட்டுக்கு வந்து அதே மாதிரி ஆடிக் காட்டி எல்லாரையும் சிரிக்க வெச்சது ஞாபகம் இருக்கு.

அது டான்ஸ் இல்லைன்னு தெரிஞ்சது இந்த ரெண்டு வாரத்துலதான். நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல கஸ்னு ஒரு பனிக்கரடி இருந்தது. குளத்துல எட்டு வடிவத்துல, மணிக்கணக்கா, ஒரே வழியில நீந்தும். 1994-ல பத்திரிகைகள் அதைப் பெரிய செய்தியாக்கின. ஜோக் அடிச்சாங்க. நிர்வாகம் ஒரு நிபுணரைக் கூட்டிட்டு வந்தது. சாப்பாட்டை ஒளிச்சு வெச்சாங்க, தேடி எடுக்க வெச்சாங்க, விளையாட்டுச் சாமான் போட்டாங்க. குறைஞ்சுது. ஆனா முழுசா நிக்கவே இல்லை. 2013-ல, 27 வயசுல கஸ் செத்துப்போச்சு.

ஏன் நிக்கலைங்கறதுக்கு ஒரு பதில் 2003-ல வந்தது. ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள், அதே 'நேச்சர்' இதழ்ல. காட்டுல ரொம்ப தூரம் சுத்தற ஊனுண்ணிகள்தான் கூண்டுல அதிகமா இப்படி முன்னும் பின்னும் நடக்குது, குட்டிகளும் அதிகமா சாகுதுன்னு கணக்கு போட்டுக் காட்டினாங்க. வழக்கமான பனிக்கரடிக் கூண்டு, அது காட்டுல சுத்தற இடத்துல பத்து லட்சத்துல ஒரு பங்குதானாம். நாலு எட்டு, ஒரு ஆட்டு.

விளையாட்டுக்கும் நிஜத்துக்கும் இருக்கற பெரிய வித்தியாசம் அந்தச் சிவப்புக் கோடு. நிஜக் கரடி தலைக்கு மேல கோடு எதுவும் வராது. இப்ப சாணத்துல இருக்கற ஹார்மோன் கழிவை அளந்து ஓரளவு கண்டுபிடிக்கறாங்க. அதுலயும் சிக்கல்: பயத்துல மட்டும் இல்லை, உற்சாகத்துலயும் அது ஏறும். கடைசியில யாராவது ஒருத்தர் நின்னு, பொறுமையா, அது என்ன பண்ணுதுன்னு பார்த்துத்தான் ஆகணும். ஹெடிகர் செஞ்சதும் அதுதான். கை தட்டின நாங்க செய்யாததும் அதுதான்.

நம்ம ஊருக்கும் இதுல ஒரு வரி உண்டு. சென்னையில மிருகக்காட்சிசாலை 1855-லேயே ஆரம்பிச்சது. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல ரொம்ப காலம் இருந்து, 1985-ல வண்டலூர்ல திறந்தாங்க. அம்மா தலைமுறைக்கு எழும்பூர் மியூசியம் 'செத்த காலேஜ்', இது 'உயிர் காலேஜ்'. இந்திய விதிகள்படி எந்த மிருகக்காட்சிசாலையும் வாரத்துல ஒரு நாளாவது பார்வையாளர்களுக்கு மூடியிருக்கணும். சின்ன வயசுல வண்டலூருக்குப் போகணும்னு அடம் பிடிச்சப்பல்லாம் அம்மா, "செவ்வாய்க்கிழமை லீவுடா"ன்னு தட்டிக் கழிப்பாங்க. அப்ப எரிச்சலா இருக்கும். இப்ப யோசிச்சா, அதுவும் ஒரு ஒருபக்கக் கண்ணாடிதான்.

சரி, என் ஓநாய்கள்? மூணு பக்கம் கண்ணாடியை எடுத்து மண் மேடு போட்டு மரம் நட்டேன். நாலாவது பக்கம் ஒருபக்கக் கண்ணாடி. உள்ள ஒரு குகை. சிவப்புக் கோடு இறங்கிடுச்சு. போராட்டக்காரங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. இப்பப் புதுசா ஒரு புகார்: ஓநாய் கண்ணுல படவே மாட்டேங்குதுன்னு ஜனங்க முகம் சுளிக்கறாங்க. வசூலும் குறைஞ்சிருக்கு.

இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

டிஸ்கி: மென்பொருள் ஆபிஸ்ல நாலு பக்கமும் கண்ணாடி வெச்ச கேபின் யாருக்காவது கிடைச்சிருந்தா அனுபவத்தைப் பின்னூட்டத்துல சொல்லுங்க. ஓநாய்கள் சார்பா கேட்கறேன் :-)