மெட்ராஸ் நேரம் எங்கே போயிற்று?

நம் மலையில் 1899-லிருந்து சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதன் தாய்வீடு சென்னை நுங்கம்பாக்கம் என்பதும், ஒரு காலத்தில் இந்திய ரயில்கள் அந்தத் தாய்வீட்டின் நேரப்படி ஓடின என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் கட்டியது. 1802-ல் கோல்டிங்ஹாம் என்ற வானியலாளர் சென்னையின் தீர்க்கரேகையைக் கணக்கிட்டார். கிரீன்விச்சில் மணி 12 என்றால் சென்னையில் 5 மணி 21 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். அந்நாளில் ஒவ்வோர் ஊருக்கும் தன் உச்சிவேளைதான் 12 மணி. பம்பாய் கிரீன்விச்சை விட 4 மணி 51 நிமிடம் முந்தியது. கல்கத்தா 5 மணி 53 நிமிடம். ரயில் வந்த பிறகு இது சரிப்படவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்ததாலும், ஆய்வுக்கூடம் இருந்ததாலும், ரயில்வே மெட்ராஸ் நேரத்தை எடுத்துக்கொண்டது.

1906 ஜனவரி 1 அன்று இந்தியப் பொது நேரம் வந்தது. 82.5 பாகை தீர்க்கரேகை, கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால். மெட்ராஸ் நேரம் பார்த்தவர்கள் கடிகாரத்தை ஏறக்குறைய 9 நிமிடம் தள்ளி வைத்தார்கள். கல்கத்தா தன் நேரத்தை 1948 வரையும் பம்பாய் 1955 வரையும் விடவில்லை. நடுவில் உலகப் போர். 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்தார்கள்.

இத்தனை மாற்றத்திலும் சூரியன் தன் பாட்டுக்குத்தான் வருகிறான். கொடைக்கானல் சுமார் 77.5 பாகையில் இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்குப் போட்டால் நம் உண்மையான நேரம் கைக்கடிகாரத்துக்கு 20 நிமிடம் பின்னால். ஒரு நாழிகை 24 நிமிடம். ஆக, கிட்டத்தட்ட ஒரு நாழிகை வித்தியாசம்.

ஆய்வுக்கூடத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, மேகம் விட்ட நாட்களிலெல்லாம், சூரியனைக் கண்ணாடித் தட்டில் படம் பிடித்தார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை எவர்ஷெட் 1909 ஜனவரியில் கண்டுபிடித்தது இங்கேதான். படம் எடுத்த தேதியும் நேரமும் கையால் குறித்து வைக்கப்பட்டன. இப்போது அந்தப் படங்கள் கணினியில் ஏறிவிட்டன; உலகெங்கும் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள். பார்த்தவர்களுக்குத் தட்டுப்பட்ட குறைகளில் ஒன்று, சில படங்களில் தேதியும் நேரமும் பிசகியிருப்பது. சிறு பிசகுதானே என்று விட முடியாது. கண்ணாடி வழியாகச் சூரிய ஒளியைத் திருப்பி எடுக்கும் படம் நாள் போகப்போகச் சுழலும். வடக்கு எந்தப் பக்கம் என்பதை நேரத்தை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். நேரம் தவறினால் வடக்கும் தவறும். புள்ளியும் இடம் மாறிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1924 முடிய வானியலாளர் வழக்கில் நாள் தொடங்கியது நண்பகலில். கொடைக்கானலில் ஜனவரி 5 காலை 8 மணி என்பது அந்தக் கிரீன்விச் கணக்கில் ஜனவரி 4, 14 மணி 30 நிமிடம். பஞ்சாங்கத்திலோ நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. ஒரே நொடிக்கு மூன்று விதமாகத் தேதி எழுதலாம், மூன்றும் சரி. எந்தக் கணக்கு என்று எழுதாமல் விட்டால்தான் தப்பு.

பணிக்காலத்தில் தரவுத்தளங்களோடு குப்பை கொட்டியவன் என்பதால் இதைச் சொல்கிறேன். நடந்த நிகழ்ச்சியை உலகப் பொது நேரத்தில் சேமித்து, காட்டும்போது உள்ளூர் நேரமாக மாற்றுவது இன்றைய முறை. மாற்றுவதற்கு ஓர் அட்டவணை வேண்டும். அமெரிக்காவில் ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் 1980-களில் தொடங்கிய நேர வலயத் தொகுப்புதான் அது. ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றிலும் இருக்கிறது. அதில் நமக்கான பெயர் ‘ஏசியா/கொல்கத்தா’. அந்தப் பெயருக்குள் 1906-க்கு முந்தைய வரியைப் பார்த்தால் 5 மணி 21 நிமிடம் 10 விநாடி என்றிருக்கும். மெட்ராஸ் நேரம் எங்கும் போகவில்லை. கொல்கத்தா என்ற பெயருக்குள் நம் சட்டைப்பையிலேயே இருக்கிறது! போர்க்காலத்து ஒரு மணி நேரமும் கூடவே இருக்கிறது.

ஆனால் பிறந்த தேதிக்கு இந்த வித்தை கூடாது. அது ஒரு நொடி அல்ல, ஒரு நாள். நண்பர் ஒருவர் ஓர் இணையப் படிவத்தில் 15 என்று போட்டார். அச்சில் 14 என்று வந்தது. பெயருக்கும் தேதிக்கும் ஒத்துவரவில்லை என்று அவரை மூன்று முறை அலையவிட்டார்கள். நடந்தது இதுதான்: மென்பொருள் தேதியோடு நள்ளிரவு 12 மணியைச் சேர்த்துக்கொண்டது. பொது நேரத்துக்கு மாற்ற ஐந்தரை மணி கழித்தது. முந்தைய நாள் மாலை ஆறரை ஆயிற்று. பிறகு நேரத்தை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் அச்சடித்தது. தேதியைத் தேதியாகவே வைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

நம் வயதினருக்கு ஒரு வார்த்தை. 1942 செப்டம்பருக்கும் 1945 அக்டோபருக்கும் நடுவே பிறந்தவர்கள் வீட்டில் இருந்தால், பழைய ஜாதகக் குறிப்பை எடுத்துப் பாருங்கள். காலை 6.10 என்று கடிகாரப்படி எழுதியிருந்தால், இன்றைய கணக்கில் அது 5.10. லக்னம் சுமார் இரண்டு மணிக்கு ஒருமுறை மாறுவதால், லக்னமே வேறாகிவிடலாம். நம்பிக்கை இருப்பவர்கள் மறுபடி கணிக்கச் சொல்லலாம். இல்லாதவர்களும் அந்தத் தாளைத் திருத்தி எழுத வேண்டாம். எழுதியிருப்பதை அப்படியே விட்டு, ஓரத்தில் ‘போர்க்கால நேரம்’ என்று இரண்டு சொல் சேர்த்தால் போதும். பேரப்பிள்ளைகள் கணினியில் ஏற்றும்போது குழப்பம் வராது.