தூய நொதியும் ஸ்கூடாய் ஆய்வும்

சோற்றை வாயிலிட்டு நெடுநேரம் மென்றால் இனிப்புத் தோன்றும். முளைகட்டிய கேழ்வரகின் மாவைக் கெட்டியான கஞ்சியிற் கலந்தால் கஞ்சி இளகிவிடும். இரண்டிற்கும் காரணம் ஒன்றே. மாவுப்பொருளைச் சிறு சர்க்கரைகளாக அறுக்கும் அமிலேஸ் என்னும் நொதி உமிழ்நீரிலும் முளையிலும் உண்டு. நம் அடுக்களை அறிந்த இவ்வாற்றலைத் தூய பொருளாகப் பிரித்துக் காண அறிவியலார்க்கு நெடுங்காலம் பிடித்தது.

1833-இல் பாயன், பெர்சோ என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர், முளைகட்டிய வாற்கோதுமைச் சாற்றிற் சாராயத்தைச் சேர்த்து, இவ்வாற்றலுடைய படிவைப் பெற்றனர். அது தூய பொருளன்று, கலவையே. எனவே, நொதி எவ்வகைப் பொருள் என்னும் வினா எஞ்சி நின்றது. 1926-இல் அமெரிக்க அறிஞர் சம்னர், வாளவரை விதையிலிருந்து யூரியேஸ் என்னும் நொதியைப் படிகமாக்கி, அது புரதமே என்றார். ஜெர்மானியப் பேரறிஞர் வில்ஸ்டேட்டர் முதலியோர் இதனை ஏற்கவில்லை. புரதம் வெறும் கலப்பு. நொதி அதனோடு ஒட்டியிருக்கும் வேறொன்று என்பது அவர் கருத்து. பின்னர் நார்த்ரப் பெப்சினையும் படிகமாக்கினார். ஐயம் நீங்கிற்று, 1946-இல் சம்னருக்கும் நார்த்ரப்புக்கும் நோபல் பரிசின் பங்கு கிடைத்தது. இவ்வழக்கைத் தீர்த்தது சொல்வன்மையன்று, பொருளின் தூய்மையே.

எனினும் இயற்கையிற் கிடைக்கும் நொதியின் அளவு சிறிது. 1973-இல் கோஹன், பாயர் ஆகியோரும் உடனுழைத்தோரும், வெட்டி ஒட்டிய மரபணுவை எஷரிக்கியா கோலை என்னும் பாக்டீரியாவினுட் செலுத்திப் பெருக்கிக் காட்டினர். அதன்பின் ஓர் உயிரின் நொதியை மற்றோர் உயிரைக்கொண்டு செய்விப்பது கைகூடிற்று.

இம்முறை மலேசிய மண்ணிலும் வேரூன்றியது. ஜொகூர் மாநிலத்து ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார், பேராக்கின் சுங்கை கிளா, சிலாங்கூரின் டூசுன் துவா ஆகிய வெந்நீரூற்றுகளில் வாழும் அனாக்சிபாசில்லஸ் இனப் பாக்டீரியாக்களை ஆராய்ந்தனர். இரண்டு அமிலேஸ் மரபணுக்களை எடுத்து எஷரிக்கியா கோலையில் இயக்கி, முடிவுகளை 2012-இல் வெளியிட்டனர். அந்நொதிகள் மாவுப்பொருளை அறுத்து, மால்ட்டோஸ் என்னும் சர்க்கரையை மிகுதியாகத் தருவன. 60 பாகை வெப்பத்தில் அவற்றின் வேலை உச்சம் அடைகிறது. கால்சியம் உடனிருப்பின் வெப்பத்தை மேலும் தாங்குகின்றன.

தூய்மை செய்த முறை நயமானது. ஆறு குளுக்கோஸ் அலகுகள் வளையமாய்க் கோத்த சர்க்கரையைச் சிறு மணிகளிற் பிணைத்துக் குழாயில் நிரப்பினர். பாக்டீரியாவை உடைத்தெடுத்த சாற்றை அதன்வழி விட்டால், மாவுப்பொருளின் உறவாகிய அவ்வளையத்தை நொதி பற்றிக்கொள்ளும். ஏனைய புரதங்கள் கழுவப்பட்டு ஓடிவிடும். உண்ணும் பொருளே தூண்டில் ஆகிறது. பின்பு தக்க கரைசலால் நொதியைப் பற்றுவிடுவித்துச் சேர்ப்பர்.

இவ்வளவில் வேலை முடிவதில்லை. சாற்றிலுள்ள பிற நொதிகள் புரதத்தைத் தின்றுவிடாதபடி, இத்தகைய பணியைப் பனிக்கட்டியின் குளிர்ச்சியிற் செய்வது வழக்கம். களிமத்தில் மின்சாரம் செலுத்திப் பார்க்கையில் ஒரே கோடு தோன்றினால், பெரும்பாலும் தூயது எனக் கொள்வர். சிறு சிறு பங்குகளாகப் பிரித்து உறையவைப்பர். மீண்டும் மீண்டும் உருக்கி உறையவைத்தால் புரதத்தின் மடிப்புக் குலைந்து நொதி செயலிழக்கும்.

இத்துணைக் கவனம் எதற்கு? பாக்டீரியாவின் வேறொரு நொதி கலந்திருந்தால், அளந்தது யாருடைய வேலை என்று சொல்ல இயலாது. அன்று வில்ஸ்டேட்டர் எழுப்பிய ஐயம் இன்றும் ஒவ்வோர் ஆய்வுக்கூடத்தின் வாயிலிலும் நிற்கிறது. தூய புரதம் கிடைத்தாலன்றிப் படிகமும் அரிது; உருவமும் புலப்படாது. புரதத்தின் உருவம் சரியா எனச் சோதிக்க உலகெங்கும் கையாளும் வரைபடம், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன் குழுவினர் 1963-இல் வெளியிட்டது என்பது தமிழ் மாணவர் அறியவேண்டிய செய்தி.

அடைத்த புட்டியாய் வெளிநாட்டிலிருந்து வாங்கும் நொதி வேலைக்கு உதவும்; அதனைச் செய்யும் அறிவைத் தராது. நம் ஊற்று நீரில் வாழும் உயிரை நாமே ஆராய்ந்து, அதன் நொதியைத் தூயதாக்கும்போது அவ்வறிவு நமதாகிறது. ஆசிரியர்கள் நீர்த்த கஞ்சியில் ஒரு துளி அயோடின் இட்டு, நீலநிறம் உமிழ்நீரால் மறைவதைக் காட்டலாம். ஸ்கூடாய் ஆய்வின் முதற்பாடம் அதிலேயே அடங்கியுள்ளது.