ஆடு தொடாத இலையின் கதை

(பண்ணை வானொலிப் பேச்சு)



எரியோடு வட்டாரத்தில் ஆடு இல்லாத வீடு குறைவு. வியாழக்கிழமை அய்யலூர் சந்தைக்குப் போனால் தெரியும். இத்தனை ஆடுகளுக்கும் தப்பி வேலியோரத்தில் ஒரு செடி பச்சென்று நிற்கிறதென்றால், அதில் ஏதோ சங்கதி இருக்க வேண்டும் அல்லவா? ஆடாதோடையைத்தான் சொல்கிறேன். 'ஆடு தொடா' என்பதே அந்தப் பெயராயிற்று என்பார்கள் பெரியவர்கள். இலை அவ்வளவு கசப்பு.

இந்தப் பெயர் கடல் கடந்தும் போயிருக்கிறது. சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753-ல் செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டினார். அப்போது இதை 'ஜஸ்டிசியா ஆடாதோடா' என்றே பதிந்தார். நம் பக்கத்துப் பெயரே உலகப் பெயராகிவிட்டது.

நம் சித்த வைத்தியர்கள் இந்த இலையைக் குடிநீராகவும் மணப்பாகாகவும் சளி, இருமலுக்குக் கொடுத்து வந்தார்கள். இலைக்குள் இருக்கும் சரக்கு என்ன என்று ரசாயன முறையில் பார்த்தவர் டேவிட் ஹூப்பர். சென்னை மாகாண அரசின் கொயினா நிபுணராக உதகையில் வேலை பார்த்தவர் அவர். 1888-ல் இந்த இலையில் 'வாசிசின்' என்ற பொருள் இருப்பதை எடுத்துக் காட்டினார். அதை முன்மாதிரியாக வைத்து ஜெர்மனியில் செய்த மருந்துதான் புரோம்ஹெக்சின். 1963-ல் விற்பனைக்கு வந்தது. அம்பிராக்சால் அதன் வாரிசு. கடையில் வாங்கும் சளி மருந்துப் புட்டியைத் திருப்பிப் பாருங்கள். இந்த இரண்டில் ஒன்று எழுதியிருந்தால், அதன் பூர்வீகம் உங்கள் வேலியில் இருக்கிறது! 2020-ல் கொரோனா காலத்தில் ஊர் ஊராகக் கொடுத்த கபசுரக் குடிநீரிலும் ஆடாதோடை இலை உண்டு.

இதை வளர்ப்பது சுலபம். புரட்டாசி, ஐப்பசி மழையில் முற்றின குச்சியை ஒரு சாண் நீளத்துக்கு, மூன்று நான்கு கணு இருக்கும்படி வெட்டி, பாதி மண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது. வேர் பிடித்துவிட்டால் வறட்சி தாங்கும், பல வருஷம் நிற்கும். ஆடு கடிக்காது என்பதால் காவலும் வேண்டாம். வீட்டுக்கு இரண்டு செடி போதும். கழித்துவிடும் தழையை வயலில் போட்டு மிதித்தால் தழையுரம்.

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். 'பச்சிலைதானே, என்ன செய்துவிடும்?' என்று நினைக்கக் கூடாது. வாசிசின் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் என்பதை ஜம்முவில் அன்று வட்டார ஆராய்ச்சிக்கூடம் என்ற பெயரில் இருந்த நிறுவனத்து விஞ்ஞானிகள் சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே கர்ப்பிணிகளுக்கு இந்தக் கஷாயம் ஆகவே ஆகாது. கைக்குழந்தைக்கும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். மற்றவர்களுக்கு எவ்வளவு என்பதை அரசு சித்த மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் கஷாயத்தை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அது காசநோயாக இருக்கலாம். கஷாயம் குடித்து இருமல் கொஞ்சம் தணியும். நோய் உள்ளேயே இருக்கும், வீட்டுப் பிள்ளைகளுக்கும் தொற்றும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம்.

கம்பி வேலி போடுவதற்காக இந்தச் செடியை வேரோடு தோண்டி எறிகிறோம். எறியுமுன் இரண்டு குச்சி ஒடித்துக் கொல்லைப்புறத்தில் ஊன்றிவிடுங்கள். ஆடு தொடாவிட்டால் என்ன, நாம் தொட வேண்டிய செடி அது.