விற்குதையும் மான்கொம்பும்: சேரநாட்டு வில் குறித்த ஒரு பொருட்பண்பாட்டு நோக்கு

கொச்சியை அடுத்த மட்டாஞ்சேரி அரண்மனையின் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணக் கதை வண்ண ஓவியங்களாகத் தீட்டப்பெற்றுள்ளது. ஏறத்தாழ 1555இல் போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்ததும், 1663இல் டச்சுக்காரர் பழுதுபார்த்ததுமாகிய இவ்வரண்மனை நிற்கும் மண், வில்லை இலச்சினையாகக் கொண்ட சேரர் ஆண்ட மண்ணாகும். மூவேந்தருள் சேரர்க்கு வில் உரியது என்பதைத் தமிழ்மாணவர் யாவரும் அறிவர். ஆயினும் அவ்வில் எம்மரத்தால் ஆயது, நாண் மாட்டும் அதன் முனை தேயாமல் எவ்வாறு காக்கப்பட்டது என்னும் வினாக்கள் இலக்கிய ஆய்வில் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளன. மரவில்லின் முனையில் கொம்பைப் பொருத்தும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் இருந்துள்ளது. சேரநாட்டிலும் அஃது இருந்ததா என ஆராய்வோர் கொம்புத் துண்டை மட்டுமே தேடுவாராயின் ஏமாற்றமே அடைவர். அது விட்டுச்சென்ற தடத்தையே தேடுதல் வேண்டும் என இக்கட்டுரை கருதுகிறது.

வில்லில் மிகுந்த அழுத்தத்தைத் தாங்கும் சிறு இடம் குதையாகும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 'குதை' என்பதற்கு, நாணின் கண்ணியை மாட்டுதற்கு வில்லின் முனையில் வெட்டப்படும் வெட்டு எனப் பொருள் தருகிறது. மரத்தில் இவ்வெட்டை இடும்போது நீளவாக்கில் ஓடும் நார் குறுக்கே அறுபடுகிறது. அறுபட்ட இடத்தில் மெல்லிய நாண் பதிந்து இழுக்கும்போது மென்மரமாயின் நசுங்கும். சில வேளை முனையே பிளந்துவிடும். இதற்கு எளிய மாற்று, முனையைத் தடிப்பாக விடுவதாகும். ஆனால் முனை கனத்தால் வில் மீளும் விரைவு குறைந்து, அம்பின் விசையும் குறையும். எனவே முனையை ஒடுக்கமாகச் செதுக்கி, நாண் படும் இடத்தில் மட்டும் வன்பொருளால் ஆகிய தகட்டைப் பசையிட்டு ஒட்டி, அத்தகட்டிலேயே குதையை அராவி அமைப்பது வில் செய்வோர் கண்ட வழியாகும். இன்றும் கையால் மரவில் செய்வோர் மான்கொம்பு, எருமைக்கொம்பு, எலும்பு ஆகியவற்றை இதற்குப் பயன்படுத்துகின்றனர். உலக்கை நுனி சிதையாதிருக்கப் பூண் கட்டும் அறிவும் இதன்பாற்பட்டதே.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் வேண்டும். கோடு, மருப்பு, கொம்பு எனத் தமிழ் பொதுச்சொல்லால் வழங்குவன பொருளால் இருவகைப்படும். இரலை, வரையாடு, ஆமா, எருமை ஆகியவற்றின் கொம்பு, உள்ளே எலும்பு நிற்க, அதன்மேல் உறைபோல் வளரும் நகப்பொருளாகும். அது வாழ்நாள் முழுதும் உதிர்வதில்லை. புள்ளிமான், நாஞ்சில் நாட்டார் மிளா என வழங்கும் கடமான் ஆகியவற்றின் கவைத்த கொம்போ முழுமையும் எலும்பே. ஆண்விலங்குகளுக்கே உரிய இது விழுந்து மீண்டும் முளைப்பது. இதன் புறப்பகுதி செறிவானது. உள்ளீடு நுண்துளைகள் மிக்கது. ஆதலின் குதைக்குத் தகடு அறுப்போர் புறப்பகுதியையே கொள்வர். மான்கொம்பு எளிதில் முறியாமல் அதிர்வைத் தாங்கும். எருமைக்கொம்பு சூட்டில் இளகி வளையும். சங்கப் பாடல்கள் இரலையின் முறுக்குண்ட மருப்பையும் கலைமானின் கவைக்கோட்டையும் வேறுபடுத்திக் காட்டினும், அவ்வேறுபாடு வடிவம் பற்றியதேயன்றிப் பொருள் பற்றியதன்று. எனவே இலக்கியத்தில் 'கோடு' என வருமிடமெல்லாம் மான்கொம்பு எனக் கொள்ளுதல் பிழைபடும்.

கோடு என்னும் சொல்லே ஆழ்ந்து நோக்கத்தக்கது. வளைதலைக் குறிக்கும் வினையும் அது. மரக்கிளை, விலங்கின் கொம்பு, யானைத் தந்தம், மலைமுகடு ஆகியவற்றின் பெயரும் அது. திருக்குறள் யாழின் தண்டையும் அச்சொல்லாலேயே சுட்டுகிறது. பெரும்பாணாற்றுப்படையில் இடையன் ஒருவன் செய்யும் வில்யாழ், குமிழ மரத்தின் உள்துளையுடைய கோட்டில் மரல் நாரை நரம்பாகக் கட்டியதாகும். இசைக்கருவி பற்றிய இச்செய்தி வில் பற்றிய அரிய சான்றாகவும் அமைகிறது. கௌடலியரின் அர்த்தசாத்திரம் வில்நாணுக்குரிய பொருள்களுள் மூர்வை, எருக்கு, சணல், மூங்கில், விலங்கின் நரம்பு முதலியவற்றைக் கூறுகிறது. அவற்றுள் முதலாவதாகிய மூர்வையை மரல் எனவே பலரும் இனங்காண்பர். இடையன் கையிலிருந்த நாரும் படைக்கொட்டிலில் இருந்த நாரும் ஒன்றே எனின், வில்யாழ் என்னும் பெயர் வெறும் உவமையால் வந்ததன்று என்பது பெறப்படும்.

அந்நூல் வில்லை அதன் பொருளால் பனை, மூங்கில், மரம், கொம்பு என நால்வகைப்படுத்துகிறது. கொம்பால் ஆகியது 'சார்ங்கம்' எனப்படும். சிருங்கம் என்னும் கொம்பின் பெயரடியாகப் பிறந்த சொல் இது. திருமாலின் வில்லுக்கும் இதுவே பெயர். ஆண்டாளின் திருப்பாவையில் மழைக்கு உவமையாக வருவதும் அதுவே. கும்பகோணத்துச் சார்ங்கபாணியை வணங்குவோர் 'கொம்புவில் ஏந்திய கையர்' எனப் பொருள் உணர்ந்து வணங்குவதில்லை. சொல் வாழ்ந்து, பொருள் மறைந்தமைக்கு இஃது ஒரு சான்று. தமிழில் 'சிலை' எனும் வில்லின் பெயர் இதற்கு மாறான திசையைக் காட்டுகிறது. வில் செய்தற்குரிய ஒரு மரத்தின் பெயராகவும் சிலை அகராதிகளில் இடம்பெறுகிறது. வடமொழியின் சார்ங்கம் கொம்பை நினைவூட்ட, தமிழின் சிலை மரத்தை நினைவூட்டுகிறது. சேரரின் வில் அடிப்படையில் மரவில்லாதல் வேண்டும் எனக் கொள்ளுதற்கு இது துணைசெய்யும். அம்மரவில்லின் முனையில் கொம்பு இருந்ததா என்பதே எஞ்சும் வினா.

தொல்லியல் இவ்வினாவுக்கு நேரடியாக விடை தரும் நிலையில் இல்லை. ஏலூரைச் சூழ்ந்தோடும் பெரியாற்றின் கழிமுகப் பகுதியில், பரவூரை அடுத்த பட்டணம் என்னும் ஊரில், கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் 2007இல் அகழாய்வைத் தொடங்கியது. அங்கு நீர் தேங்கிய சேற்றில் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள மரத்தோணி ஒன்று கிடைத்தது. மரம் நிற்கும் அம்மண்ணில் மான்கொம்பும் நிற்கும் என எதிர்பார்த்தல் இயல்பே. ஆனால் மரம் காற்றுப்புகாத சேற்றில் நிலைக்க, எலும்பும் மான்கொம்பும் அமிலத்தன்மை மிக்க மண்ணில் கரைந்துபோகின்றன. கேரள மண் பெரும்பாலும் அமிலத்தன்மை உடையது. ஆகவே இங்கு வில் கிடைப்பினும் குதைத்தகடு கிடைத்தல் அரிது.

இதனை ஒத்த நிகழ்வு ஒன்று இங்கிலாந்திலிருந்து அறியப்படுகிறது. 1545இல் மூழ்கி, 1982இல் மேலே கொணரப்பட்ட மேரி ரோஸ் என்னும் போர்க்கப்பலிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட யூ மர விற்கள் கிடைத்தன. அவற்றின் கொம்புக் குதைகளோ, ஒன்று நீங்கலாக, எல்லாம் அழிந்திருந்தன. எனினும் முனை மரம் கூம்பாகச் செதுக்கப்பட்டிருந்ததும், கொம்பு மூடியிருந்த இடம் மட்டும் நிறம் வேறுபட்டு நின்றதும், அழிந்த பொருளின் இருப்பை ஐயமின்றி உறுதிப்படுத்தின. ஆய்வாளர் கண்டது கொம்பன்று, கொம்பின் நிழலே. பட்டணம் போன்ற இடங்களில் இனி மரக்கம்பு எதுவும் கிடைப்பின், அதன் முனையைக் கழுவித் துடைக்குமுன் நிறவேறுபாட்டைப் பதிவுசெய்தல் இன்றியமையாதது.

சேரர் காசுகளில் வில்லும் அம்பும் பொறிக்கப்பட்டுள்ளன. சோழர் செப்பேட்டு முத்திரைகளிலும் புலி, கயல் ஆகியவற்றுடன் வில் இடம்பெறுகிறது. ஆயினும் விரல்நுனி அளவுள்ள காசில் குதையின் அமைப்பைத் தேடுதல் பொருந்தாது. இலச்சினை வில்லின் வடிவைக் காட்டுமேயன்றி அதன் தச்சு நுட்பத்தைக் காட்டாது.

உயிருள்ள சான்று வேறிடத்தில் உள்ளது. பழைய சேரநாட்டின் தென்னெல்லையை அடுத்த நாஞ்சில் நாட்டில் வழங்கும் வில்லுப்பாட்டின் வில், கூந்தற்பனை போன்ற வைரம் பாய்ந்த மரத்தால் ஆகிய 'வில்கதிர்' உடையது. அதன் இருமுனைகளிலும் வெண்கலக் குப்பிகள் செருகப்பட்டு, முறுக்கிய தோல்நாண் இழுத்துக் கட்டப்படுகிறது. கதிரில் மணிகள் தொங்க, வீசுகோலால் நாணை அடித்துப் பாடுவர். அம்பு எய்யாத வில் இது. எனினும் நாணின் இழுவையும் கோலின் அடியும் இடைவிடாது முனையில் சென்று சேர்கின்றன. மரமுனையை வேறொரு வன்பொருளால் காக்கும் நெறி இங்கு மறவாமல் போற்றப்பட்டுள்ளது. பொருள் மட்டும் கொம்பன்று, வெண்கலம். இதைக் கொண்டு சேரர் படைவில்லும் உலோகக் குப்பி பெற்றிருந்தது எனத் துணிதல் மிகையாகும். ஆனால் குதையைக் காக்கும் தேவையைத் தென்னாட்டு வில் தச்சர் உணர்ந்திருந்தனர் என்பதை இவ்வழக்கு நிறுவுகிறது. வில்லிசைக் கலைஞர் இல்லங்களில் உள்ள பழைய கதிர்களின் முனைகளை அளந்து, குப்பிக்குள் மரம் செதுக்கப்பட்ட முறையைப் பதிவுசெய்யும் பணி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளருக்குரியது.

இத்தகைய ஆய்வில் செய்துபார்த்து அறிதலும் ஒரு நெறியாகும். எனினும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் நடைமுறையில் உள்ள நாட்டில், காட்டில் உதிர்ந்து கிடப்பதாயினும் மான்கொம்பை எடுத்தலும் விற்றலும் குற்றமாகும். அதற்கு ஈடாக எருமைக்கொம்பு உண்டு. திருவனந்தபுரத்துக் கொம்புக் கைவினைஞர் அதனை அறுத்து, சூடேற்றி, அராவி, மெருகேற்றும் தொழிலை வழிவழியாக அறிந்தவர். கொக்கும் மீனும் செதுக்கும் அக்கைகளில் ஒரு மூங்கில் வில்லையும் ஒரு பனைவில்லையும் அளித்துக் குதை அமைக்கச் செய்தால், நூல்கள் சொல்லாத சிலவற்றை அவர்தம் அரம் சொல்லக்கூடும்.