மலைநாட்டிற் பொது இணைப்பு



பொது இடத்தில் வைஃபை அமைத்து அதனால் வருவாய் ஈட்ட இயலுமா என்னும் வினா மிக அண்மைக் காலத்தது எனப் பலரும் கருதுவர். ஆயினும், ஒரு தொடர்புச் சாதனத்தைத் தமக்கென வாங்க இயலாதார் பலர், ஒருவர் வாங்கி வைத்த சாதனத்தை நாடிச் செல்வதும், அவ்வொருவர் அதனாற் பிழைப்பதும் எமது மலைநாட்டிற்குப் புதியன அல்ல. அந்த வரலாற்றை அறியாது வைஃபை வாணிகத்தின் வருங்காலத்தைக் கணிப்பது, ஆற்றின் ஆழம் அறியாமற் கால் வைப்பது போலாகும்.

தேயிலைத் தோட்டங்களில் நெடுங்காலமாக லயத்து அறைகளுக்குத் தனி முகவரி இருந்ததில்லை. தோட்டத்தின் பெயரே அனைவர்க்கும் முகவரி. தோட்டத்து ஆள் ஒருவர் தபாற் கந்தோரிலிருந்து பையைச் சுமந்து சென்று தோட்டக் கந்தோரில் ஒப்படைப்பார். துரைக்கும் உத்தியோகத்தர்க்கும் உரிய கடிதங்கள் பிரிக்கப்பட்டபின், எஞ்சியவை உரியவர் கையைச் சேர நாட்கள் ஆகும். சில சேர்வதே இல்லை. நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கும் கடிதம் பரீட்சை முடிந்தபின் வந்து சேர்ந்த கதை ஒன்றேனும் தெரியாத மலையக ஆசிரியர் இருக்கமாட்டார். வந்த கடிதத்தை வாசித்துச் சொல்வதற்கும், மறுமொழி எழுதிக் கொடுப்பதற்கும் அக்காலத்தில் எழுத்தறிந்தவர் சிலர் இருந்தனர். இவர்களை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன். இவர்களே எனது பேச்சின் மையம்.

கொழும்பில் 1925ஆம் ஆண்டு டிசெம்பரில் வானொலி ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியது. லயத்து வாழ்வினர் தனிப்பெட்டி வாங்கும் காலம் வருவதற்கு முன், கடைவீதித் தேநீர்க் கடையே அவர்களுடைய வானொலி மண்டபமாயிற்று. பெட்டியின் விலையும், ஆண்டுதோறும் செலுத்தவேண்டிய அனுமதிக் கட்டணமும் கடைக்காரர் பொறுப்பு. பாட்டுக் கேட்டவர் பாட்டுக்குப் பணம் கொடுக்கவில்லை; தேநீருக்குக் கொடுத்தார். பிற்காலத்தில் பெருநிறுவனங்கள் ஆராய்ந்து கண்ட வாணிக முறை ஒன்றினை, ஆராய்ச்சி எதுவும் இன்றி எமது கடைக்காரர் கண்டிருந்தார் என்று சொன்னால் மிகையாகாது.

தொலைபேசியின் கதை சற்று வேறு. இணைப்பு ஒன்றிற்கு விண்ணப்பித்து ஆண்டுக்கணக்கிற் காத்திருந்த காலம் அது. 1991ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தினாலும், 1996இல் இரு தனியார் நிறுவனங்கள் கம்பியில்லா இணைப்புடன் களமிறங்கியதாலும் அந்நிலை மாறத் தொடங்கியது. ஊர்தோறும் தோன்றின ‘கொமியூனிக்கேஷன்’ கடைகள். நோர்வூட் கடைவீதிக்கு அக்காலத்தில் வந்தவர்கள் அவற்றை எளிதில் மறக்கமாட்டார்கள். பலகைத் தடுப்பினுள் ஒரு தொலைபேசி, சுவரில் ஒரு கடிகாரம், நிமிடத்திற்கு இவ்வளவு என்று எழுதிய அட்டை. குவைத்திலோ சவூதியிலோ வீட்டுப்பணி செய்யும் தாய் குறித்த நேரத்தில் அழைப்பாள் என்று, மலைமேலுள்ள தோட்டத்திலிருந்து பிள்ளைகள் முன்னதாகவே இறங்கி வந்து வாங்கில் அமர்ந்திருப்பர். வந்த அழைப்புக்கும் சிறு கட்டணம் உண்டு. எண்ணை அழுத்திக் கொடுத்தவர், வங்கிப் படிவத்தை நிரப்பியவர், கடவுச்சீட்டு விண்ணப்பத்தின் பிரதியெடுத்தவர் எல்லாம் கடைக்காரர் ஒருவரே. அன்று லயத்துக் கடிதத்தை வாசித்துச் சொன்னவரின் தொழிலே இங்கு கடையாகியது.

ஏறக்குறைய இதே காலத்தில், 1997இல், வங்காளதேசத்தில் கிராமீன் நிறுவனம் கிராமப் பெண்களுக்குக் கடன் கொடுத்துக் கைத்தொலைபேசி வழங்கியது. அவர்கள் அயலாரிடம் நிமிடக் கட்டணம் பெற்று நல்ல வருவாய் ஈட்டினர். உலகமே அதனைப் புகழ்ந்தது. ஆனால், வீட்டுக்கு வீடு கைத்தொலைபேசி வந்ததும் அவ்வருவாய் தேய்ந்தது. இலங்கையிலும் அவ்வாறே நிகழ்ந்தது. 2005ஆம் ஆண்டளவில் வந்த கம்பியில்லா வீட்டுத் தொலைபேசிகளும், தொடர்ந்து மலிந்த கைத்தொலைபேசிகளும் கொமியூனிக்கேஷன் கடையின் பலகைத் தடுப்பைக் காலியாக்கின. எனினும் எல்லாக் கடைகளும் மூடப்படவில்லை. நிமிடங்களை மட்டும் விற்றவர் மூடினார். பிரதியெடுத்தும் படிவம் நிரப்பியும் கொடுத்தவர் தப்பினார்.

அரசும் இத்துறையில் இறங்கிற்று. ‘நெணசல’ என்றும் தமிழில் ‘அறிவகம்’ என்றும் வழங்கும் கணினி நிலையங்கள் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், உலக வங்கியின் உதவியுடன், கோயில்களிலும் நூலகங்களிலும் கிராம மண்டபங்களிலும் அமைக்கப்பட்டன. 2014இல் கேற்ஸ் அறக்கட்டளையின் பத்து இலட்சம் டொலர் பரிசும் இத்திட்டத்திற்குக் கிடைத்தது. கணினி இருந்த இடமெல்லாம் அறிவகம் ஆகிவிடவில்லை. நல்ல பொறுப்பாளர் வாய்த்த இடத்தில் மட்டுமே அது பெயருக்கேற்ப விளங்கியது என்பது என் கருத்து.

இனி வைஃபைக்கு வருவோம். கைத்தொலைபேசி நிறுவனங்கள் பெருந்தொகை செலுத்தி அலைவரிசை பெறவேண்டும். வைஃபையோ, தனி உரிமம் வேண்டாத அலைவரிசையில் இயங்குவது. அதன் எட்டுத்தூரம் குறைவு. ஆயினும் செலவும் குறைவு. ஒரு கம்பியிணைப்பையோ செய்மதி இணைப்பையோ பெற்றுக் கடையில் ஒரு சிறு பெட்டியை வைத்தால், கடையைச் சூழ்ந்த பலர் பயன்படுத்தலாம். சிறு வாணிகருக்கு இடமளிக்கும் சாதனமாக இது தோன்றியது இக்காரணத்தாலேயே.

இந்தியாவில் கூகுள் நிறுவனம் ரெயில்டெல் நிறுவனத்துடன் இணைந்து, 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரல் புகையிரத நிலையத்தில் இலவச வைஃபையைத் தொடங்கி, 2018 ஜூன் மாதத்தில் நானூறு நிலையங்களை எட்டியது. கேரளத்தில் சுமைதூக்கும் தொழிலாளர் ஒருவர் அந்த இணைப்பிற் பாடங்களைச் செவிமடுத்து அரச பணிக்கான எழுத்துப் பரீட்சையில் தேறிய செய்தி அவ்வாண்டில் எங்கும் பேசப்பட்டது. ஆயினும் 2020இல் கூகுள் இத்திட்டத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. கைத்தொலைபேசி இணையம் பெரிதும் மலிந்துவிட்டது என்பது அது கூறிய முதற் காரணம். வங்காளதேசப் பெண்களுக்கு நேர்ந்ததே, உலகின் செல்வம் மிக்க நிறுவனம் ஒன்றிற்கும் நேர்ந்தது!

இலங்கையில் 2015ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையம் உள்ளிட்ட 26 பொது இடங்களில் அரசின் இலவச வைஃபை தொடங்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், வானில் பலூன்களைப் பறக்கவிட்டு நாடு முழுவதற்கும் இணையம் வழங்கும் ‘லூன்’ திட்டத்திற்காகக் கூகுளுடன் உடன்படிக்கை கைச்சாத்தானது. மறு ஆண்டு பெப்ரவரியில் பரீட்சார்த்தப் பலூன் ஒன்று கம்பளைப் பகுதித் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வந்து விழுந்தது. கட்டுப்பாட்டுடன் தரையிறக்கப்பட்டதே என்று அதிகாரிகள் விளக்கினர். மலைநாட்டிற்கு அப்பலூனால் வந்த இணையம் அவ்வளவே. அலைவரிசை ஒதுக்கீட்டுச் சிக்கலால் இலங்கையில் அத்திட்டம் நிறைவேறவில்லை. 2021 ஜனவரியில் லூன் நிறுவனத்தையே மூடுவதாக அறிவித்தனர்.

இவற்றிலும் எனக்குப் பயனுள்ளதாகத் தோன்றுவது, 2020 டிசெம்பரில் இந்திய அமைச்சரவை ஏற்ற ‘பி.எம். வானி’ என்னும் ஏற்பாடு. அதன்படி பெட்டிக்கடைக்காரரும் தேநீர்க் கடைக்காரரும் உரிமமோ உரிமக் கட்டணமோ இன்றிப் பொது வைஃபை நிலையம் நடத்தலாம். பழைய எஸ்.டி.டி. தொலைபேசிக் கூண்டின் மறுபிறவி அது. எதிர்பார்த்த வேகத்தில் அது பரவவில்லை என்பது உண்மை. எனினும், இணைப்பை விற்கும் உரிமை சிறு கடைக்காரரையும் சேரவேண்டும் என்ற அதன் அடிப்படையை நான் வரவேற்கின்றேன்.

இணையம் மலிந்தபின் இவையெல்லாம் எதற்கு என்று நேயர் கேட்கலாம். நகரத்தில் இருந்து கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆனால், மலைமடிப்பினுள் அமைந்த லயத்திற்கு அலை எட்டுவதில்லை. 2020ஆம், 2021ஆம் ஆண்டுகளிற் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, பதுளை மாவட்டத்தின் பொகிட்டியாவையில் ஆசிரியரும் மாணவரும் பாடத்திற்காகக் காட்டுவழியே நடந்து பாறையேறிய செய்தி வெளிநாட்டுப் பத்திரிகைகளிலும் வந்தது. எமது பகுதியிலும் பிள்ளைகள் தேயிலை மலையுச்சியில் அட்டைக்கடியுடன் அமர்ந்திருந்தனர். ஒரு குடும்பத்தில் மூன்று பிள்ளைகள், கைத்தொலைபேசி ஒன்று. 2021 மார்ச்சில் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என வர்த்தமானியில் வெளியாகியிருந்தது. அதிலிருந்துதான் அரிசிக்கும் இணையத்திற்கும் செலவிட வேண்டியிருந்தது.

நோர்வூட்டின் அமைப்பைப் பாருங்கள். ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக வரும் பாதை இங்கே பிரிந்து, ஒன்று பொகவந்தலாவைக்கும் மற்றொன்று மஸ்கெலியாவுக்கும் செல்கின்றது. டிசெம்பர் பௌர்ணமி முதல் வைகாசி வெசாக் வரை சிவனொளிபாத மலை யாத்திரிகர் இவ்வழியே செல்வர். பஸ்ஸுக்குக் காத்திருப்போர் நாள்தோறும் உளர். இங்கே கடை வைத்திருப்பவர் யாத்திரிகரிடமும் பயணியிடமும் இணைப்புக்குக் கட்டணம் பெறலாம். பரீட்சைப் பெறுபேறு பார்த்தல், விண்ணப்பம் நிரப்புதல், பிரதியெடுத்தல் ஆகியவற்றிற்கு ஊராரிடம் கூலி பெறலாம். மாலையில் இரண்டு மணி நேரம் மாணவர்க்கு இணைப்பை இலவசமாக விட்டால் அவருக்கு நட்டம் பெரிதாகாது. மாதக் கட்டணம் ஒன்றே. பத்துப் பேர் பயன்படுத்தினாலும் முப்பது பேர் பயன்படுத்தினாலும் அது ஏறுவதில்லை. பிள்ளையை அழைத்துச் செல்ல வரும் தாய் அங்கேயே சீனியும் பாணும் வாங்கிக்கொண்டு போவாள்.