கறுப்பு மணலின் சரித்திரம்

சுரங்கம் என்றதும் பலருக்குப் போகலைக் காரீயக் குழிதான் ஞாபகம் வரும். எனக்கோ, நமது கிழக்குக் கரையிலேயே குழியில்லாத ஒரு சுரங்கம் ஞாபகம் வருகிறது. திருகோணமலைக்கு வடக்கேயுள்ள புல்மோட்டைதான் அது.

அங்கே கடற்கரை மணல் கறுப்பு. இல்மனைற், றூட்டைல், சேர்க்கன் ஆகிய கனியங்கள் அதில் கலந்துள்ளன. வாரியெடுத்த கரையை வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்து அலைகள் மீண்டும் நிரப்புகின்றன. அந்தக் கறுத்த இல்மனைற்றிலிருந்து பிறப்பதோ சுவருக்குப் பூசும் வெள்ளை வர்ணம்!

1957இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. கடலையும் வயலையும் நம்பியிருந்த முஸ்லிம் கிராமத்துக்கு மாதச் சம்பளமும் வந்து சேர்ந்தது. பின்னர் போரும் வந்தது. 1997 செப்டெம்பரில் அங்கு கனிய மணல் ஏற்றிக்கொண்டிருந்த 'கோடியாலிட்டி' என்னும் கப்பல் கடற்புலிகளின் தாக்குதலுக்கு இலக்கானது.

வேல்ஸ் நாட்டில், 1980இல் மூடப்பட்ட 'பிக் பிற்' நிலக்கரிச் சுரங்கத்தை 1983இல் நூதனசாலையாக்கினார்கள். முன்பு அங்கு நிலக்கரி வெட்டியவர்களே வருவோருக்கு வழிகாட்டிகளானார்கள். புல்மோட்டையில் மணல் வாரியவர்களின் கதையை யார் எழுதி வைத்திருக்கிறோம்? ஏற்றுமதிக் கணக்கில் தொன் கணக்கு இருக்கும்; அவர்களின் வியர்வைக் கணக்கு இராது.

இளைஞர்களே, அந்த முதியவர்களிடம் போய்க் கேட்டெழுதுங்கள். கடல் மணலைத் திருப்பித் தரும். மறைந்தவரின் ஞாபகத்தைத் தராது.