பிள்ளையைப் போலீஸ் கைது செய்தால்... சிறார் நீதிமன்றத்தில் நடப்பது என்ன?

மகன் திருட்டு மோட்டார் சைக்கிளில் பிடிபட்டான் என்று தகவல் வந்ததும், ‘யாரைப் போய்ப் பார்க்கலாம்’ என்று அலைகிற பெற்றோரே நம்மில் அதிகம். முதலில் போலீஸ் நிலையத்துக்குப் போங்கள். பிறப்புப் பத்திரத்தையும் எடுத்துச் செல்லுங்கள். வழக்கில் எல்லாமே வயதைப் பொறுத்துத்தான்.

மலேசியாவில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோரின் வழக்குகள் 2001ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி விசாரிக்கப்படுகின்றன. 10 வயது நிரம்பாத பிள்ளை செய்தது எதுவும் சட்டப்படி குற்றமாகாது. 10க்கும் 12க்கும் இடைப்பட்ட வயதென்றால், செய்ததன் விளைவை அறியும் பக்குவம் பிள்ளைக்கு இருந்ததா என்று பார்ப்பார்கள்.

கைது செய்ததும் பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் போலீஸ் தெரிவிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் பிள்ளையை நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். பெரியவர்களோடு சேர்த்து அடைத்து வைக்கக்கூடாது. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் தேசிய சட்ட உதவி அறக்கட்டளையை நாடலாம். ‘ஒத்துக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வழக்கறிஞரைப் பார்க்கும் முன்பே பிள்ளையைக் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லாதீர்கள்.

சிறார் நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட்டுடன் இரண்டு ஆலோசகர்கள் அமர்வார்கள். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. பிள்ளையின் பெயரையோ படத்தையோ பள்ளியையோ வெளியிடும் ஊடகத்துக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். (நாளிதழ்கள் மறைக்கும் பெயரை நம் வாட்ஸ்அப் குழுக்கள் அன்றிரவே ஊரெல்லாம் அனுப்பிவிடுவது வேறு கதை.)

மரண தண்டனைக்குரிய குற்றத்தை இந்த நீதிமன்றம் விசாரிக்க முடியாது. பெரியவர் ஒருவரோடு சேர்த்துக் குற்றம் சாட்டப்பட்டாலும் வழக்கு வேறு நீதிமன்றத்துக்குப் போய்விடும். ‘அண்ணன்’மார் பின்னால் சுற்றும் பையன்களைப் பெற்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

குற்றம் உறுதியானாலும் உடனே உத்தரவு வராது. நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையை நீதிமன்றம் முதலில் பார்க்க வேண்டும். பிள்ளையின் நடத்தை, வீட்டுச் சூழல், பள்ளிப் பதிவு, உடல்நிலை எல்லாம் அதில் இருக்கும். பெற்றோர் கோட்டைவிடுவது பெரும்பாலும் இங்கேதான். அதிகாரி வீட்டைப் பற்றிக் கேட்கும்போது, அப்பாவின் குடியையோ, பையன் பள்ளிக்குப் போவதை நிறுத்தியதையோ வெட்கப்பட்டு மறைத்துவிடுகிறோம். பிறகு அவனுக்கு என்ன உதவி தேவை என்பது நீதிமன்றத்துக்கு எப்படித் தெரியும்? தாத்தா, பாட்டி, மாமா என்று பொறுப்பேற்கத் தயாராக இருப்பவர் யாராவது உண்டென்றால் அதையும் சொல்லுங்கள். உறவினரிடம் ஒப்படைக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

எச்சரித்து விடுவது, நன்னடத்தைப் பிணை, அபராதம், நன்னடத்தைக் கண்காணிப்பு, 2016 திருத்தத்தில் வந்த சமூக சேவை ஆகியவையும் உண்டு. கடுமையானவை சமூக நலத்துறையின் துனாஸ் பக்தி பள்ளியும் சிறைத்துறையின் ஹென்றி கர்னி பள்ளியும். 14 வயதுக்குக் கீழ் சிறை கிடையாது. அதற்கு மேற்பட்டவர்களுக்கும் வேறு வழி பொருந்துமானால் சிறை விதிக்கக்கூடாது.

பெற்றோரிடமும் பிணை எழுதி வாங்கலாம். பிள்ளையோடு சமூக நலத்துறையிலோ போலீஸ் நிலையத்திலோ ஆஜராவது, பள்ளியில் படிக்கும் பிள்ளையென்றால் மாதம் ஒருமுறை ஆசிரியரைச் சந்திப்பது போன்ற நிபந்தனைகள் அதில் இருக்கும்.